ஷெரின் கேபி தோல் பந்து: எந்த வயதில் வாங்கலாம், எப்படிக் காப்பது

மெல்பர்னில் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய விதி கால்பந்து, ஆடப் பந்து வாங்கப் போகிறவர்களின் கண் நேராகப் போய் நிற்பது கடையின் மேல் தட்டில் இருக்கும் சிவப்புத் தோல் பந்தின் மேல்தான். ஷெரின் நிறுவனத்தின் 'கங்காரு பிராண்ட்', சுருக்கமாக கேபி. ஃபுட்டியின் முதல்நிலை லீக்கான ஏஎஃப்எல் ஆட்டங்களில் உதைபடுவது இந்த வகைப் பந்து. விலை 200 ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி வரும், கடைக்குக் கடை மாறும். அதற்குக் கீழ்த் தட்டில் அதே நிறத்தில், அதே பெயர் அச்சிட்ட செயற்கைத் தோல் பந்து மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். காலில் பட்டதும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கேபி மிகச் சிறந்த பந்து. ஆனால் அது தொழிற்கருவி. முழு அளவுப் பந்தில் ஆடும் வயது வந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது புல்தரையில் உதைக்கிறவருக்கு ஒவ்வொரு டாலரும் தகும். சிறு பிள்ளைகளுக்கான ஃபுட்டி பயிற்சியான ஆஸ்கிக் போகும் பிள்ளைக்கும், வீட்டு முன் சிமென்ட் தரையில் விளையாடுவதற்கும் வாங்கினால் பணமும் வீண், பந்தும் வீண். ஆட்டக்காரருக்குப் பந்து அளவு அளவாக வளர்ந்துகொண்டே போகிறது. எந்தப் படியில் எது வேண்டும் என்பது தெரிந்தால் கடையில் தடுமாற வேண்டியதில்லை.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு இவ்வளவு போதும். முட்டை வடிவ மைதானம், அணிக்கு 18 பேர், நான்கு கால் பகுதிகள். பந்தை எறியக் கூடாது. காலால் உதைக்கலாம், அல்லது ஒரு உள்ளங்கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், அதுதான் ஹேண்ட்பால். 15 மீட்டருக்குக் குறையாமல் உதைத்து வந்த பந்தை, வழியில் யார் கையும் படாமல், தரையில் விழுமுன் பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நின்று நிதானமாக உதைக்கலாம். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே 6.4 மீட்டர். அதற்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பந்தோடு ஓடுகிறவர் 15 மீட்டருக்கு ஒருமுறையாவது அதைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது தொட வைக்க வேண்டும். உதை, குத்து, பிடி, தட்டு என்று இத்தனை வேலைக்கும் ஒரே பந்து. அதன் வடிவத்தில் ஒரு சென்டிமீட்டர் கெட்டாலும் ஏதாவது ஒரு வேலை கெடும்.

டாம் ஷெரின் 1880 வாக்கில் மெல்பர்னின் காலிங்வுட் பகுதியில் தோல் பொருள் பட்டறை நடத்தியவர். அதுவரை ரக்பி பந்துகளைத்தான் இந்த ஆட்டத்துக்கும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். முனைகளைக் கொஞ்சம் மழுக்கி, இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு பந்தை அவர் செய்தார். முனை மழுங்கியதால் தரையில் பட்டு எழும் பந்து கைக்கு வர வாய்ப்பு கூடியது. இன்றைய கேபியின் வடிவத்துக்கு அடித்தளம் அதுதான்.

விதிப்படி முழு அளவுப் பந்தின் நீளவாக்குச் சுற்றளவு 720 முதல் 730 மி.மீ. குறுக்குவாக்குச் சுற்றளவு 545 முதல் 555 மி.மீ. காற்றழுத்தம் 62 முதல் 76 கிலோபாஸ்கல், அதாவது 9 முதல் 11 பிஎஸ்ஐ. இந்த மூன்று எண்களையும் கைபேசியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தையற்காரர் டேப் ஒன்றும் அழுத்தமானி ஒன்றும் இருந்தால் பந்தின் ஆரோக்கியத்தை வீட்டிலேயே சோதித்துவிடலாம்.

பந்து நான்கு மாட்டுத்தோல் துண்டுகளால் ஆனது. துண்டுகளை உட்புறம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்து, லேஸ் போடும் வாய் வழியாகப் புரட்டி எடுத்து, உள்ளே காற்றுப் பையான பிளாடரை நுழைத்து, வாயை லேஸால் கட்டுவார்கள். தையல் மடிப்பு உள்ளே போய்விடுவதால் வெளியே காலுக்கும் கைக்கும் உறுத்தல் இல்லை. இதில் வேலைத்திறன் கூடுதலாகத் தேவைப்படுவது தைப்பதில் அல்ல, வெட்டுவதில். தோல் எல்லாத் திசையிலும் ஒரே அளவு நீளாது. முதுகுப் பக்கம் இறுக்கமாகவும் வயிற்றுப் பக்கம் தளர்வாகவும் இருக்கும். நான்கு துண்டுகளும் ஒத்த இழுவை உள்ளவையாக அமைய வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் நீண்டால், சில வாரம் உதைத்ததும் அந்தப் பக்கம் புடைத்து, பந்து காற்றில் தள்ளாடத் தொடங்கும். விலை குறைந்த தோல் பந்துகளில் அடிக்கடி பார்க்கிற நோய் இது. நல்ல கேபியில் அரிது. விலையில் பெரும்பகுதி இந்த ஒழுங்குக்குத்தான் போகிறது.

பந்தின் ஒழுங்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இன்றைய ஆட்டம் நிற்பதே ட்ராப் பண்ட் என்ற ஒரு உதையின் மேல். பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, கீழ் முனை காலில் படும்படி விட்டு உதைப்பார்கள். பந்து முனை மேல் முனையாகப் பின்னோக்கிச் சுழன்றபடி போகும். அந்தச் சுழற்சிதான் பந்தை நேர்கோட்டில் வைத்திருக்கிறது, எதிரே நிற்பவர் பிடிக்கவும் எளிதாக்குகிறது. பழைய ஆட்டக்காரர்கள் பயன்படுத்திய ட்ராப் கிக், தரையில் பட்டவுடன் உதைப்பது, இப்போது மைதானத்தில் கிட்டத்தட்ட இல்லை. டார்பிடோ இன்னும் உண்டு. பந்தைச் சாய்த்து வைத்து உதைத்தால் திருகாணிபோல் சுழன்று வெகுதூரம் போகும், ஆனால் கட்டுப்பாடு குறைவு. 1976-இல் பிரின்சஸ் பார்க்கில் கார்ல்டனுக்கு எதிராக நார்த் மெல்பர்ன் 1 புள்ளி பின்தங்கியிருந்தபோது, இறுதிச் சைரன் ஒலித்த பிறகு மால்கம் பிளைட் உதைத்த டார்பிடோ கம்பங்களைத் தாண்டிப் போனதை இன்றும் பேசுகிறார்கள். அப்படிப்பட்ட உதை நினைவில் நிற்பது அது அரிது என்பதால். வாரா வாரம் சம்பளம் வாங்கித் தருவது ட்ராப் பண்ட்.

பந்தைச் சோதிக்கவும் ட்ராப் பண்டைவிட நல்ல வழி இல்லை. வலதுகால்காரர் என்றால் இப்படி. லேஸ் உங்களைப் பார்க்காமல் இலக்கைப் பார்க்கட்டும். இரண்டு கைகளும் பந்தின் இரு பக்கமும், விரல்கள் விரிந்து கீழ்நோக்கி. பந்து வலது தொடைக்கு நேராக இருக்க வேண்டும், வயிற்றுக்கு நேராக அல்ல. இடது காலை ஊன்றும் நேரத்தில் இடது கை பந்தை விட்டு விலகும். வலது கை மட்டும் பந்தை இடுப்புக்குக் கீழே வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து பந்து சாயாமல் விழ வேண்டும். கணுக்காலை இறுக்கி, பாதத்தை முன்னால் நீட்டி, ஷூ லேஸ் முடிகிற எலும்புப் பகுதியால் பந்தின் கீழ் முனையை அடிக்க வேண்டும். உதைத்த கால் இலக்கை நோக்கியே உயர வேண்டும்.

தவறு பெரும்பாலும் காலில் நடப்பதில்லை, கையில் நடக்கிறது. பந்தை நெஞ்சு உயரத்திலிருந்து விட்டால் விழும் வழியிலேயே காற்று அதைச் சாய்த்துவிடும். வயிற்றுக்குக் குறுக்காகக் கொண்டுபோய் விட்டால் பந்து பம்பரம்போல் பக்கவாட்டில் சுழலும், தூரமும் போகாது, பிடிக்கவும் முடியாது. கணுக்கால் தளர்ந்திருந்தால் சத்தம் மட்டும் வரும். மூன்றும் சரியாக இருந்தும் பத்து உதையில் நான்கு ஐந்து ஒரே பக்கமாக விலகிப் போனால், அப்போது பந்தைச் சந்தேகிக்கலாம். லேஸைப் பின்பக்கம் திருப்பி வைத்து இன்னொரு பத்து உதைத்துப் பாருங்கள். விலகல் மறுபக்கம் மாறினால் பந்து கோணியிருக்கிறது. மாறாவிட்டால் உதைதான் கோணல்.

இந்த ஒரு உதையைக் கற்பதில்தான் வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரர்களின் வாழ்க்கை நின்றிருக்கிறது. அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பாலில் உருண்டைப் பந்து. டப்ளினிலிருந்து 1984-இல் மெல்பர்ன் கிளப்புக்கு வந்த ஜிம் ஸ்டைன்ஸ் முட்டை வடிவப் பந்தைப் புதிதாகப் பழகி, 1991-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடினார். அயர்லாந்தின் கெர்ரியிலிருந்து வந்த டைக் கெனலி 2005-இல் சிட்னி அணியோடு கோப்பை வென்றார். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஆடிய, 211 செ.மீ. உயரமுள்ள மேசன் காக்ஸ் இருபது வயது தாண்டித்தான் இந்தப் பந்தை முதன்முதலாகத் தொட்டார். 2023-இல் காலிங்வுட் வென்ற இறுதி ஆட்டத்தில் ஆடினார். உயரமும் ஓட்டமும் இவர்களிடம் முன்பே இருந்தன. தினமும் நூற்றுக்கணக்கில் பந்தை விட்டு விட்டு உதைத்துப் பழகியதுதான் இங்கே வந்து சேர்த்தது. தடம் எதிர்த்திசையிலும் உண்டு. டேரன் பென்னட், பென் கிரஹாம், சாவ் ரோக்கா ஆகியோர் ஏஎஃப்எல்லில் ஆடி முடித்துவிட்டு அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் பண்டர்களாக, அதாவது பந்தைத் தூரத்துக்கு உதைத்து அனுப்புகிறவர்களாக, போனார்கள். அங்கே பந்து கூர்மையானது. ஆனால் பந்தைச் சாயாமல் விடும் கை இங்கே பழகிய கை.

இனி அளவுகள். ஆஸ்கிக்கில் 5 வயதிலிருந்து சேரும் பிள்ளைகளுக்கு எண் 1 அல்லது 2 செயற்கைப் பந்து. பத்து வயதை ஒட்டி எண் 2, பிறகு எண் 3. பதின்மூன்று பதினான்கில் எண் 4. அதற்கு மேல் முழு அளவான எண் 5. லீக்குக்கு லீக் இது சற்று மாறும், அதனால் பிள்ளையின் கிளப்பைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 2017-இல் தொடங்கிய பெண்கள் லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூவில் எண் 4. ஆகவே அந்தக் கனவோடு ஆடும் பெண் பிள்ளைக்கு எண் 5 வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

நம் வீடுகளில் துணியையும் செருப்பையும் 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று ஒரு அளவு கூட்டி வாங்குவோம். பந்தில் அதைச் செய்யவே கூடாது. சிறிய கைக்குப் பெரிய பந்து கொடுத்தால் பிள்ளை ஒரு கையால் அதைத் தாங்க முடியாமல் இரண்டு கையாலும் தூக்கிப் போட்டு உதைக்கும். அந்தப் பழக்கம் வேரூன்றினால் பதினைந்து வயதில் பயிற்சியாளர் பிடுங்கி எறிவது கடினம். கிளப்புகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏஎஃப்எல் டிராஃப்ட்டில் பெயர் கொடுக்கலாம் என்பது 18 நிறைகிற ஆண்டில். அதற்கு முன் விக்டோரியாவில் 18 வயதுக்குட்பட்டோருக்கான டேலன்ட் லீக்கில் தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்ப்பது ஓட்டத்தை மட்டும் அல்ல, பந்து கையை விட்டு எப்படி இறங்குகிறது என்பதையும்தான். 20 மீட்டர் ஓட்டத்தில் ஒரு பத்தில் ஒரு நொடியைக் குறைக்க வருடக்கணக்கில் உழைக்கிறவர்கள், சரியான அளவுப் பந்தில் பழகினால் இலவசமாகக் கிடைத்திருக்கும் கைப்பழக்கத்தைக் கோட்டைவிடுவது வருத்தமான விஷயம்.

செயற்கைப் பந்து மோசமானதல்ல. மழையில் நீர் உறிஞ்சாது, சிமென்ட் தரையில் உரசினாலும் சில மாதம் தாங்கும், விலை குறைவு. குறை என்ன? மேல்தோல் வழுக்கும், உதைக்கும்போது பந்து காலில் பதியாமல் தெறிக்கும், தரையில் பட்டால் வேண்டியதைவிட உயரமாக எழும். அதில் மட்டுமே பழகிய பையன் தோல் பந்துக்கு மாறும்போது முதல் சில பயிற்சிகளில் எல்லா உதையும் குறைத் தூரம் போவதாகத் தோன்றும். பந்து கனமாகவில்லை, காலோடு ஒட்டியிருக்கும் நேரம் கூடியிருக்கிறது. இடைநிலையாக ஷெரினின் லயர்பேர்ட் தோல் பந்து உண்டு. தோல் தரம் கேபிக்குக் கீழே, விலையும் கீழே. கிளப் பயிற்சிக்குப் பத்துப் பந்து வேண்டும் என்றால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். பதினான்கு பதினைந்து வயதில் தோலுக்கு மாறுகிறவருக்கும் அதுவே முதல் படி. ஆட்டநாள் நெருங்கும்போது மட்டும் கேபியில் உதைத்துப் பழகிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும். விலை குறைந்த ஷெரின் பந்துகளைத் தைக்கும் வேலை பஞ்சாபின் ஜலந்தருக்குப் போயிருந்தது. அங்கே குழந்தைகள் வீட்டில் உட்கார்ந்து பந்து தைக்கிறார்கள் என்று 2012-இல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. ஆஸ்கிக் பந்துகளில் ஊசி சிக்கியிருந்த செய்தியும் வந்து, பந்துகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பிள்ளை கையில் கொடுக்கும் பொருள் எந்தக் கையால் தைக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. கடைக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். எந்தப் பந்தானாலும் புதிதாக வாங்கியதும் தையல் வரிசை முழுவதையும் விரலால் ஒருமுறை மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.

நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பகல் ஆட்டத்துக்குச் சிவப்பு, விளக்கொளி ஆட்டத்துக்கு மஞ்சள். கிரிக்கெட்டில் பகல் டெஸ்டுக்குச் சிவப்பும் பகலிரவு டெஸ்டுக்கு இளஞ்சிவப்பும் வைத்திருப்பதைப் போன்ற ஏற்பாடுதான். மாலை ஆறு மணிக்கு மேல் பயிற்சி என்றால் மஞ்சள் நன்றாகத் தெரியும். அழுக்கும் அதில் சீக்கிரம் தெரியும்.

காற்றழுத்தத்தில்தான் நிறையப் பேர் நல்ல பந்தைக் கெடுக்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து 'கல்லு மாதிரி இருக்கு' என்று திருப்திப்படுவது தவறு. அழுத்தம் கூடினால் பந்து நடுவில் பருத்து, நீளம் குறைந்து, உருண்டையை நோக்கிப் போகும். தோல் நீண்டுவிட்டால் காற்றை இறக்கினாலும் பழைய வடிவம் திரும்பாது. குறுக்குச் சுற்றளவை டேப் வைத்துப் பாருங்கள், 555 மி.மீ. தாண்டியிருந்தால் அந்தப் பந்து இனிப் பயிற்சிக்கு மட்டும். அழுத்தம் குறைந்தாலோ உதையின் வலு பந்தை மடக்குவதிலேயே செலவாகும். தூரம் போகாது, ஓடிக்கொண்டே தட்டினால் கைக்குத் திரும்பாது, மடங்கி மடங்கித் தையலும் தளரும்.

வெப்பநிலையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அழுத்தமானியும் ஏமாற்றும். ஃபுட்டி பருவத்தின் நடுப்பகுதி மெல்பர்னின் குளிர்காலம். ஹீட்டர் ஓடும் அறையில் 22 டிகிரியில் 70 கிலோபாஸ்கல் நிரப்பிய பந்தை, 7 டிகிரி மாலை மைதானத்துக்குக் கொண்டுபோனால் அழுத்தம் ஏறத்தாழ 61-க்கு இறங்கிவிடும். விதியின் கீழ் எல்லைக்கும் கீழே. அதே பந்தைக் கோடையில் மூடிய காரில் விட்டு, உள்ளே 60 டிகிரி ஏறினால் அழுத்தம் 90-ஐத் தாண்டும். பந்து கோணிப்போக இப்படி ஒரு மதியம் போதும். ஆகவே மைதானத்துக்குப் போய், பந்து அங்குள்ள குளிருக்கு வந்து, கால் மணி நேரம் கழித்து அளந்து நிரப்புங்கள். பயிற்சி முடிந்ததும் சற்றுக் காற்றை இறக்கி, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். கார் டிக்கி பந்து வைக்கும் இடமல்ல.

காற்றடிக்கும் ஊசியை உலர்ந்தபடி வால்வில் குத்தக் கூடாது. ஒரு துளி கிளிசரின், இல்லாவிட்டால் தண்ணீர் தடவி, நேராக, மெல்லத் திருகியபடி நுழைக்க வேண்டும். சாய்த்துக் குத்தினால் ஊசி முனை பிளாடரைக் கிழித்துவிடும். 'ராத்திரி நிரப்பினேன், காலையில் தளர்ந்துவிட்டது' என்கிற பந்துகளில் பல வால்வு கெட்டவை. சோதிக்க எளிய வழி: வால்வின் மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் வால்வு. வராமல் பந்து தளர்ந்தால் பிளாடர்.

புதுக் கேபி பளபளப்பாக, சற்றே வழுக்கலாக இருக்கும். அதை வாங்கிய அன்றே ஆட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். உலர்ந்த புல்லில் இரண்டு மூன்று பயிற்சி உதைத்தால் மேல்பூச்சு தேய்ந்து தோலின் பிடிமானம் வெளிவரும். சீக்கிரம் பழக வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. நிறமும் போய், தோல் நீர் குடிக்கத் தொடங்கிவிடும். தார் சாலையிலும் சிமென்ட்டிலும் ஒரு மணி நேரம் உதைத்தால் முனைகளில் தோல் உரிந்துவிடும். உள்ளூர்ப் பூங்காவில் புல் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

மழை பெய்தால் தோல் நீர் உறிஞ்சிக் கனக்கும். இது தோல் பந்தின் இயல்பு. ஆட்டத்தில் அப்போது தட்டி ஓடுவதைத் தவிர்த்துப் பந்தைத் தரையில் தொட வைத்து எடுப்பார்கள், தூர உதைக்குப் பதிலாகக் குட்டை உதையும் காலால் முன்னே தள்ளுவதும் கூடும். வீட்டுக்கு வந்ததும் சேற்றை ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துண்டால் ஒற்றி, காற்றோட்டமான நிழலில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். ஹீட்டர் முன்னாலும் வெயிலிலும் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணும். தோலுக்கான மெழுகுக் களிம்பை மாதம் ஒருமுறை, துணியில் கொஞ்சமாக எடுத்துத் தையல்மேல் தடவினால் போதும். முழுப் பந்திலும் அப்பினால் பிடிமானம் போய்விடும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் தளர்ந்து வீங்கும்.

எவ்வளவு நல்ல பந்தாக இருந்தாலும் தரையில் பட்டு எந்தப் பக்கம் போகும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2010 இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் செயின்ட் கில்டாவின் லென்னி ஹேஸ் தூரத்திலிருந்து கோலை நோக்கி உதைத்தார். பந்து கோல் முகத்தில் தரையில் பட்டு, அதை எடுக்க ஓடி வந்த சக ஆட்டக்காரர் ஸ்டீவன் மில்னை விட்டு விலகி பிஹைண்ட் பக்கம் போய்விட்டது. ஆட்டம் 68–68 எனச் சமமாக முடிந்தது. மறுவாரம் மீண்டும் ஆடியபோது காலிங்வுட் 108–52 என்று வென்றது. முனையில் பட்டால் பந்து பக்கவாட்டில் ஓடும், வயிற்றில் பட்டால் நிமிர்ந்து எழும். இடைப்பட்ட கோணங்கள் எண்ணற்றவை. இதைப் பந்தின் குறையாக எண்ணித் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். தரையில் ஓடும் பந்தை எடுக்கும்போது உடம்பைப் பந்துக்குப் பக்கமாக வைக்காமல் நேர்ப் பின்னால் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி, இரு கைகளையும் சேர்த்துக் கீழே இறக்குவது இதற்காகத்தான். கை தவறினாலும் பந்து மார்பில் தங்கும்.

அதனால்தான் பெரிய கோல் அடிப்பவர்கள் தரையை நம்பாமல் மார்க்கை நம்பினார்கள். 1360 கோலோடு லீக்கின் உச்சத்தில் நிற்கும் டோனி லாக்கெட், மார்க் பிடித்து, நேர்கோட்டில் ஓடி வந்து ட்ராப் பண்ட் உதைத்தே அதில் பெரும்பகுதியைச் சேர்த்தார். 2022 மார்ச்சில் சிட்னி மைதானத்தில் ஆயிரமாவது கோலைத் தொட்ட லான்ஸ் ஃபிராங்க்ளின் இடதுகால்காரர். வளைந்து ஓடி வந்து உதைப்பார். ஓட்டம் வேறு வேறு. ஆனால் இருவரும் பந்தைக் கையிலிருந்து விடுவதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: காலைத் தொடும் நொடியில் பந்து தன் கோணத்தில் அசையாமல் நிற்கும்.

கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பந்தை இரு முனையிலும் இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றுங்கள். நடுப்பகுதி அலையடிக்கக் கூடாது. நான்கு துண்டுகளும் கூடும் முனையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், தையல் கோடுகள் ஒரே புள்ளியில் சேர வேண்டும். ஒன்று தள்ளிப் போயிருந்தால் வேறு பந்து கேளுங்கள். லேஸ் வரிசை இரு முனைக்கும் சம தூரத்தில், தையலுக்கு நேராக இருக்க வேண்டும். தோலில் சிறு கோடு, நரம்புத் தடம் இருப்பது இயல்பு, அது குறையல்ல. ஆனால் ஒரு துண்டின் நிறமோ மினுமினுப்போ மற்ற மூன்றிலிருந்து வெளிப்படையாக வேறுபட்டால் இழுவையும் வேறுபட வாய்ப்பு உண்டு. கிளப் சின்னம் அச்சிட்ட அலங்காரப் பந்துகளை ஆடுவதற்கென்று வாங்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவற்றில் பல செயற்கைத் தோல்.

லேஸ் அறுந்தால் பந்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. காற்றை முழுவதும் இறக்கி, பழைய லேஸ் போன வழியை முதலில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, தோல் பொருள் கடையில் கிடைக்கும் அதே அகல லேஸைக் கொக்கி ஊசியால் இழுத்துக் கட்டலாம். ஒவ்வொரு துளையிலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும், கடைசி முடிச்சு உள்ளே போக வேண்டும். வெளியே இருந்தால் மார்க் பிடிப்பவரின் விரலைக் கிழிக்கும். கட்டியதும் 40 கிலோபாஸ்கல் மட்டும் நிரப்பி ஒரு இரவு விடுங்கள். லேஸ் இழுபட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு மறுநாள் முழு அழுத்தம் ஏற்றலாம். அழுத்தமானி இல்லாத பம்ப்போடு பந்து வாங்கி வராதீர்கள். ஊசி மட்டும் இரண்டு மூன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், அது வளைந்துபோகிற பொருள்.